செரோக்கி மூதாதையரைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

செரோக்கியர் அமெரிக்கப் பழங்குடியினர். 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்குச் செரோக்கி வேர் உண்டு என்று எழுதியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அமெரிக்க அரசு அங்கீகரித்த செரோக்கி அரசுகள் மூன்று: ஓக்லஹோமாவில் செரோக்கி நேஷன், யுனைடெட் கீடூவா பேண்ட், வட கரோலினாவில் ஈஸ்டர்ன் பேண்ட். மூன்றின் உறுப்பினர்களையும் கூட்டினாலும் ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் வரும். மீதிப் பேரில் பதிவில் விடுபட்டுப்போன உண்மையான வாரிசுகள் இருக்கிறார்கள். வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதையைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆவணங்கள் நிறையவே உண்டு. அவற்றை வாசிக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது.

தலைவரிலிருந்து கீழே இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஜான் ராஸ், நான்சி வார்ட், அட்டகுல்லகுல்லா என்று பழைய செரோக்கித் தலைவர்களில் ஒரு பெரிய பெயரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தன் குடும்பம் வரை கோடு இழுக்கப் பார்க்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வம்ச மரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. நூறு மரங்களில் ஒரே தகவல் இருந்தாலும் அது ஒரே சாட்சிதான். நான்சி வார்டுக்கு ஆவணத்தால் உறுதியான பிள்ளைகள் மூவர்: கேத்தரின், ஃபைவ்கில்லர், எலிசபெத். நான்காவதாக ஒரு பிள்ளையின் பெயர் எங்காவது வந்தால் அங்கேயே நின்று ஆதாரம் கேட்க வேண்டும்.

தேடலை நம்மிடமிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, தாத்தா பாட்டியின் இறப்புச் சான்றிதழ், பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு தலைமுறையையும் முந்தையதோடு ஒரு தாளாவது இணைக்க வேண்டும். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு அழிந்துபோனதால் 1880க்கும் 1900க்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். அதை நில ஆவணம், தேவாலயப் பதிவு போன்றவற்றால் நிரப்பலாம். யூகத்தால் நிரப்பக் கூடாது. 1850க்கு முன்பு கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பட்டியலில் பெயர் இருந்தாலே போதும் என்று நினைப்பது

செரோக்கி நேஷனின் குடியுரிமைக்கு அடிப்படை, அமெரிக்க அரசின் டாவ்ஸ் ஆணையம் தயாரித்த டாவ்ஸ் பட்டியல். 1898 முதல் 1906 வரை இதற்குப் பெயர் பதிந்தார்கள். அப்போது இந்தியப் பிரதேசத்தில், அதாவது இன்றைய கிழக்கு ஓக்லஹோமாவில் வசித்தவர்களுக்கே அதில் இடம். அதனால் 1900இல் நம் முன்னோர் எந்த ஊரில் இருந்தார் என்பதே முதல் கேள்வி.

ஸ்மித், பிரவுன், ராஸ் போன்ற பெயர்கள் இந்தப் பட்டியலில் குவிந்து கிடக்கின்றன. பெயரை வைத்து முடிவு செய்தால் வேறொருவரின் தாத்தாவைத்தான் சொந்தம் கொண்டாடுவோம். பட்டியல் எண்ணிலிருந்து குடும்பப் பதிவு அட்டைக்குப் போக வேண்டும். அட்டையில் குடும்பத்தார் பெயர், வயது, மாவட்டம், தாய் தந்தையர் பெயர் எல்லாம் இருக்கும். இவை நாம் கீழிருந்து கொண்டுவந்த விவரத்தோடு பொருந்தினால்தான் அவர் நம்மவர். அட்டை எந்த வரிசையைச் சேர்ந்தது என்றும் பாருங்கள்: ஏற்கப்பட்டவை, சந்தேகத்துக்குரியவை, நிராகரிக்கப்பட்டவை எனத் தனித்தனி வரிசைகள் உண்டு. செரோக்கியரை மணந்த வெள்ளையருக்கும் பட்டியலில் எண் உண்டு. அந்த எண் அவரைச் செரோக்கி மூதாதையர் ஆக்காது.

இழப்பீடு பெறத் தகுதியானவர்களைக் குறித்த கயன் மில்லர் பட்டியலில் வேறு வகைக் குழப்பம். உடன்படிக்கை மீறலுக்காக நீதிமன்றம் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தீர்ப்பளித்ததும் பங்கு கேட்டுச் சுமார் 46,000 விண்ணப்பங்கள் குவிந்தன. பிள்ளைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 90,000 பேர். 1909இல் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 30,000. ஆகவே விண்ணப்பம் கிடைத்ததும் துள்ளக் கூடாது; அது ஒருவர் கேட்டார் என்பதற்கு மட்டுமே சாட்சி. அதே சமயம், நிராகரிப்பைப் பார்த்து ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டுவதும் தவறு. கிழக்கு நிலத்தை விட்டுக்கொடுத்த 1835 உடன்படிக்கைக்கு முன்பே மேற்கே குடிபெயர்ந்த ‘பழைய குடியேறிகள்’ உண்மையான செரோக்கியர். இந்தத் தொகையில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லை. நிராகரித்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்தே ஆக வேண்டும்.

‘எங்கள் கொள்ளுப்பாட்டி மலையில் ஒளிந்துகொண்டாள், அதனால்தான் பதிவே இல்லை’ என்ற கதை பெரும்பாலும் நிற்பதில்லை. 1838இல் அமெரிக்க அரசு செரோக்கியரை மேற்கே துரத்திய வெளியேற்றத்துக்குத் தப்பிக் கிழக்கிலேயே தங்கியவர்களையும் 1848இல் மல்லே, 1851இல் சைலர், 1852இல் சாப்மன் என்று அடுத்தடுத்துப் பட்டியலிட்டார்கள். பணம் வழங்குவதற்கான பட்டியல்கள் இவை. பெயரைக் கொடுக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது.

ரத்த அளவை வைத்துத் தலைவர்களை எடைபோடுவது

ஜான் ராஸ் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி, எனவே அவர் பெயரளவுத் தலைவர் என்று எழுதுபவர்கள் செரோக்கிச் சமூகம் நடந்த விதத்தையே பார்க்கவில்லை. அங்கே குலம் தாய்வழி. ஏழு குலங்கள், பிள்ளை தாயின் குலத்தில் பிறக்கிறது, வளர்ப்பதில் தந்தையைவிடத் தாய்மாமனுக்கே உரிமை அதிகம். ராஸின் தாய், அவர் தாய், அவர் தாய் என்று ஏறினால் பறவைக் குலத்தில் போய் முடியும். அந்தச் சமூகத்தின் கணக்கில் அவர் முழுச் செரோக்கியர். 1828 முதல் 1866இல் இறக்கும் வரை முதன்மைத் தலைவராக இருந்தார். நிலத்தை விட்டுக்கொடுத்து மேற்கே போகலாம் என்று அவரை எதிர்த்த மேஜர் ரிட்ஜின் தோற்றமும் வளர்ப்பும் ராஸைவிடப் பழைய செரோக்கி வழியில் வந்தவை. ‘கலப்பினத்தார் நிலத்தை விற்றார்கள், தூய ரத்தத்தார் தடுத்தார்கள்’ என்ற எளிய கதை இந்த இருவரிடமே உடைந்துவிடுகிறது.

‘செரோக்கி இளவரசி’ என்ற கொள்ளுப்பாட்டியும் இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான். செரோக்கியருக்கு அரசர் கிடையாது. ஊருக்கு ஊர் சபை, அமைதிக்காலத்துக்கு ஒரு தலைவர், போருக்கு ஒருவர். 1730இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் டெல்லிக்கோ ஊரின் மொய்டாயைப் ‘பேரரசர்’ என்று அறிவித்தார். அது பிரிட்டிஷார் வசதிக்குச் சூட்டிய பட்டம். முன்னோர் ஒருவருக்கு ‘இளவரசி’ என்று அடைமொழி கண்டால் அந்தக் கிளையை இன்னும் கடுமையாகச் சோதியுங்கள்.

ஒரு தரப்பின் நினைவை வரலாறாக எழுதுவது

1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டாவில் ஐம்பது லட்சம் டாலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்ட மேஜர் ரிட்ஜ் தரப்புக் குழுவுக்குச் செரோக்கி அரசின் அதிகாரம் இல்லை. ராஸ் 15,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு கொண்டுபோனார்; இருந்தும் 1836 மே மாதம் செனட்டில் அது நிறைவேறியது; ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. 1839 ஜூன் 22 அன்று மேஜர் ரிட்ஜ், மகன் ஜான் ரிட்ஜ், பத்திரிகையாசிரியர் எலியாஸ் பூடினோ மூவரும் ஒரே நாளில் மூன்று இடங்களில் கொல்லப்பட்டார்கள். ராஸ் ஆதரவாளர் வழிவந்த குடும்பங்கள் இதை நிலத்தை விற்றவருக்கான சட்டப்படியான தண்டனை என்று நினைவில் வைத்திருக்கின்றன; ரிட்ஜ் குடும்பமும் பூடினோ பிறந்த வாட்டி குடும்பமும் அரசியல் கொலை என்கின்றன. அப்படியொரு சட்டம் இருந்தது உண்மை. விசாரணை நடக்கவில்லை என்பதும் உண்மை. ராஸ் ஆணையிட்டார் என்பதற்குச் சான்று கிடையாது. எழுதுபவர் இந்த மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் ஒரு குடும்பத்தின் வக்கீலாகிவிடுவார். எலியாஸ் பூடினோ என்ற பெயரிலும் கவனம் தேவை. அது அவர் நியூ ஜெர்சி அரசியல்வாதி ஒருவரிடமிருந்து ஏற்ற பெயர். அந்த வெள்ளையரின் வம்சாவளியைச் செரோக்கி மரத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

உருக்கமான கதைகளிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ராஸின் மனைவி குவாட்டி பனிப்புயலில் தன் ஒரே போர்வையை நோயுற்ற குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, தான் குளிரில் இறந்தார் என்று பல இடங்களில் படிக்கிறோம். இது ஜான் பர்னட் என்ற முன்னாள் படைவீரர் 1890இல் தம் எண்பதாவது பிறந்தநாளுக்கு எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து பரவியது. நிகழ்ந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. அதன்படி குவாட்டி தரைவழியில் பனியில் சென்று, வழியோரம் அடையாளமில்லாமல் புதைக்கப்படுகிறார். ஆனால் குவாட்டி சென்றது ஜான் ட்ரூ குழுவின் விக்டோரியா என்ற நீராவிப் படகில். 1839 பிப்ரவரி 1 அன்று லிட்டில் ராக் அருகே இறந்தார். அவ்வூரிலேயே கல்லறை இருக்கிறது. வெளியேற்றத்தில் அவர் இறந்தது உறுதி, போர்வைக்கு உறுதி இல்லை. இறந்தோர் 4,000 என்ற எண்ணும் எலிசர் பட்லர் என்ற மிஷனரி மருத்துவரின் மதிப்பீடு; ‘சுமார்’ சேர்க்காமல் எழுதக் கூடாது.

மறந்துவிடும் பக்கம்

மரபணுச் சோதனை எந்தப் பழங்குடி என்று சொல்லாது. மூன்று அரசுகளில் எதுவும் வணிகச் சோதனை அறிக்கையை மட்டும் வைத்து உறுப்பினராக்காது. விதிகளும் ஒன்றல்ல. ஈஸ்டர்ன் பேண்டுக்கு 1924 பேக்கர் பட்டியலில் முன்னோர் பெயரும் பதினாறில் ஒரு பங்கு ரத்த அளவும் வேண்டும். கீடூவா பேண்டுக்கு நான்கில் ஒரு பங்கு. செரோக்கி நேஷனுக்குக் குறைந்தபட்ச அளவே இல்லை.

ராஸ், ரிட்ஜ் இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். செரோக்கியரின் அடிமைகளாக இருந்து விடுதலையான ‘ஃப்ரீட்மென்’ குடும்பங்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் 1866 உடன்படிக்கை செரோக்கிக் குடிமக்களின் உரிமைகளைத் தந்தது. 2007இல் ஒரு வாக்கெடுப்பு அவர்களை நீக்கியது. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் உரிமையை உறுதிசெய்தது. 2021இல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றம் ‘ரத்தத்தால்’ என்ற சொல்லையே அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது. முன்னோர் கறுப்பினத்தவர் என்றால் ‘ரத்தவழி’ அட்டைகளில் பெயர் இல்லை என்று நிறுத்திவிடாமல் ஃப்ரீட்மென் அட்டைகளைத் தேடுங்கள். செரோக்கித் தந்தை இருந்தும் அதில் எழுதப்பட்டவர்கள் உண்டு, ரத்த அளவுக் குறிப்பே இல்லாமல். அட்டையில் முன்னாள் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதைக் கொண்டு 1860 அடிமைக் கணக்குக்குப் போகலாம். அங்கே பெரும்பாலும் அடிமைகளின் பெயர் இராது, வயது, பாலினம், நிறம் போன்ற விவரங்களே. அட்டையிலுள்ள வயதிலிருந்து கழித்துப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும்.