விலை அட்டவணைச் சோதனையைச் சீர்செய்த விதம்
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏற்காட்டுக் காப்பியும் மிளகும் வாங்கி விற்கும் வணிகர் ஒருவருக்காக நான் பராமரிக்கும் இணையதளத்தில், அன்றாடக் கொள்முதல் விலையைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் (Playwright) என்னும் கருவியில் ஒரு சோதனை எழுதியிருந்தேன்; அது ஒரு நாள் தேறும், மறுநாள் தவறும்.

மூன்றாம் வரிசை, நான்காம் பத்தி (நெடுவரிசை) என்று எண்ணை வைத்தே அது அட்டவணையின் கலத்தைத் தேடியது. விலைப்படி வரிசை மாறியதும் மிளகின் இடத்தில் அரபிகா காப்பி வந்து நின்றது. எனவே, சரக்கின் பெயரைக் கொண்டு வரிசையையும், தலைப்பைக் கொண்டு பத்தியையும் கண்டறியுமாறு மாற்றினேன். அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சியது: 'மிளகு' என்று தேடினால் 'வெள்ளை மிளகு' வரிசையும் சேர்ந்து வந்ததால், பெயர்க் கலம் முழுமையாகப் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை இட்டேன்.

தரவு வந்து சேரும் முன்பே கலத்தைப் படித்துவிடுவது மற்றொரு கோளாறு. உரையை ஒருமுறை எடுத்து ஒப்பிடுவதைக் கைவிட்டு, எதிர்பார்த்த உரை வந்துவிட்டதா என்று இயல்பாக 5 விநாடி வரை மீண்டும் மீண்டும் பார்க்கும் டுஹேவ்டெக்ஸ்ட் (toHaveText) என்னும் பிளேரைட் சரிபார்ப்புக் கட்டளையைப் பயன்படுத்தினேன். இடையில் கண்மூடித்தனமாகக் காத்திருப்பு வரிகளைச் செருகுவது எனக்கு உடன்பாடில்லை. மொத்தத் தொகையைக் கூட்டிச் சரிபார்க்கும் இடத்தில் மட்டும், ரூபாய்க் குறியையும் '1,25,000' என்பதிலுள்ள காற்புள்ளிகளையும் நீக்கிய பிறகே எண்ணாக மாற்றுகிறேன்.