கொடைக்கானல் பனியில் கியூபத் தாளம்

1932இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் கொன்செப்சியோன் காஸ்த்ரோ தன் சகோதரிகளோடு 'அனகவோனா' என்ற பெண்கள் இசைக்குழுவைத் தொடங்கினார். பல் மருத்துவ மாணவி அவர். பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலம். ஆண்களே வாசித்துவந்த 'சோன்' என்ற கியூப நடன இசையைக் கையில் எடுத்தார்கள். அந்த இசையைப் பிடிக்க முதலில் 'கிளாவே' பழகுங்கள்: இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் அடிப்படைத் தாளம் அது.

காய்ந்த கெட்டி மரத்தில் 20 செ.மீ. நீள உருட்டுக்கட்டை இரண்டு போதும். பைன் வேண்டாம், சத்தம் எழாது. இடது உள்ளங்கையைக் குழித்து, ஒரு கட்டையை விரல்நுனிகளின்மேல் சும்மா கிடத்துங்கள். இறுக்கிப் பிடித்தால் ஓசை செத்துவிடும்.

சொல்கட்டு: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மொத்தம் 16 எண்ணிக்கை; ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அடி. அதாவது 1, 4, 7, 11, 13. காலால் 1, 5, 9, 13இல் தட்டுங்கள். முதலடியும் கடைசியடியும் மட்டுமே காலோடு சேரும். பெரும்பாலோர் தவறுவது இரண்டாவது அடியில்தான்: கால் இழுக்க, 4 நழுவி 5 ஆகிவிடும்.

பாங்கோ என்ற சிறு இரட்டைக் கைமுரசு வைத்திருந்தால், மூடுபனி நாளில் தோல் ஈரம் குடித்துத் தொய்யும். எல்லாத் திருகாணிகளையும் கால் சுற்று, சம அளவில் முறுக்குங்கள். ஒருபக்கம் மட்டும் முறுக்கினால் சுருதி கோணும். கணப்படுப்பருகே காட்டாதீர்கள், தோல் வெடிக்கும். வாசித்தபின் தளர்த்திவிடுங்கள்.