வயலில் விண்கலத் துண்டு விழுந்தால் அது யாருக்குச் சொந்தம்?

2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்ட வானத்தில் தீக்கோடுகள் ஓடின. சிந்தேவாஹி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரிய உலோக வளையம் கிடந்தது. அடுத்தடுத்த நாட்களில் உலோக உருண்டைகளும் கிடைத்தன. உங்கள் நிலத்தில் இப்படி ஒன்று விழுந்தால் என்ன செய்வது?

1. கிட்டே போகாதீர்கள். உருண்டையாக இருப்பது பெரும்பாலும் எரிபொருள் அல்லது வாயுத் தொட்டி. உள்ளே ஹைட்ரஸீன் என்ற எரிபொருள் மிச்சம் இருந்தால் அது கொடிய நஞ்சு. 1978-இல் வடக்கு கனடாவில் சிதறிய சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோளில் அணு உலையே இருந்தது. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி வையுங்கள். தள்ளி நின்றே படம் எடுங்கள். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் அதையும் சேர்த்து.

2. காவல் நிலையத்துக்கும் விஏஓவுக்கும் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச்செயலருக்கும் தெரிவிப்பது, விண்வெளி வீரர்களையும் பொருட்களையும் மீட்டுத் திருப்பித் தருவது பற்றிய 1968 ஒப்பந்தப்படி, அரசின் கடமை.

3. எடுத்து வைத்துக்கொள்ளவோ விற்கவோ கூடாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பொருள் விண்வெளியில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பினாலும் உரிமை மாறாது. உடைந்த துண்டுக்கும் இதே விதிதான். பழைய இரும்புக் கடையில் போட்டால், அடுத்தவர் பொருளை விற்றதாகிவிடும். உரிய நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும். அடையாள விவரம் கேட்டால் அந்த நாடும் தர வேண்டும், மீட்கும் செலவும் அதனுடையது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய உருளை நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டப் பகுதி என்று தெரிந்தது. கண்டெடுத்தது அங்கே என்பதால் அது ஆஸ்திரேலியாவின் சொத்தாகிவிடவில்லை. (இயற்கையான விண்கல்லுக்கு இந்த ஒப்பந்தங்கள் பொருந்தாது.)

4. சேதம் என்றால் இழப்பீடு உண்டு. தரையில் நேரும் சேதத்துக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, ஏவிய நாடு பொறுப்பேற்க வேண்டும் என்கிறது விண்பொருள் சேதத்துக்கான 1972 பொறுப்பு ஒப்பந்தம். ஆனால் அந்த நாட்டிடம் கேட்பது நீங்கள் அல்ல, உங்கள் அரசு, பொதுவாக ஓராண்டுக்குள். காஸ்மாஸ் 954-க்காக கனடா கேட்டது சுமார் 60 லட்சம் கனடிய டாலர். 1981-இல் கிடைத்தது 30 லட்சம். சொந்த நாட்டுச் செயற்கைக்கோளே விழுந்தால் இந்த ஒப்பந்தம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு உதவாது, உள்நாட்டுச் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.

எப்படியானாலும் சான்று வேண்டும். ஓடு மாற்றுவதற்கு முன், வரப்பைச் சரிசெய்வதற்கு முன், சேதத்தைப் படம் எடுத்து விஏஓவிடம் எழுத்தில் பதிய வையுங்கள்.