ஐந்து நான்முகி: மூன்றாவது நிறம் சிக்கினால்

ஒரிகாமி (காகித மடிப்பு) கலைஞர் தாமஸ் ஹல் வடிவமைத்த ஐந்து பின்னிய நான்முகிகளுக்கு (நான்கு முக்கோண முகம் கொண்ட உருவங்கள்) 10 சதுரத் தாள் போதும். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் 1:3 அளவில் 30 பட்டைகள்; ஒரு நான்முகிக்கு ஒரு நிறம், நிறத்துக்கு 6. பசை தேவையில்லை. தனித்தனியாகக் கட்டிவிட்டுக் கோக்க முடியாது. முதலாவதன் கால்களுக்குள்ளேயே (மடித்த பட்டைகள்தான் கால்கள்) அடுத்ததைக் கட்ட வேண்டும்.

மூன்றாவது நிறத்தில் கால்கள் வளைந்து இறுகினால் மடிப்பைச் சந்தேகிக்காதீர்கள், பெரும்பாலும் பின்னல்தான் பிசகியிருக்கும். நான் சரிபார்ப்பது இப்படி: எந்த இரண்டு நிறத்தை எடுத்தாலும், ஒன்றின் ஒரு முனை மற்றதன் முக்கோண முகத்துக்கு நட்டநடுவில் வெளியே நீட்ட வேண்டும், எதிர்ப்பக்கத்தில் மற்றதன் முனையும் அப்படியே. ஒத்துவராத நிறத்தில் ஒரு மூலையை மட்டும் கழற்றி, மூன்று காலையும் சரியான சந்தில் நுழைத்துப் பூட்டினேன். இறுக்கம் உடனே விட்டது. மற்ற மூலைகளுக்குச் சிறு கிளிப் போட்டுக்கொண்டால் உருவிக்கொள்ளாது.