மணலில் இரும்பு வார்ப்பது எப்படி, பேட்டர்னை எடுத்து வைப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஏபிரகாம் டார்பி என்ற இரும்பு வார்ப்பாளருக்கு முன்பு இரும்புப் பானை வார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் குழைத்த களிமண்ணில்தான் அச்சுப் பிடிப்பார்கள். ஒவ்வொரு பானைக்கும் புது அச்சு, அதைக் காயவைக்கத் தனி நெருப்பு, வார்த்ததும் உடைத்துப் போட வேண்டியதுதான். 1707-இல் டார்பி காப்புரிமை வாங்கிய முறையில் அச்சு முழுக்க மணல். மணல் அச்சும் உடையத்தான் செய்யும், ஆனால் பேட்டர்ன், அதாவது மணலில் பதித்து அச்சுக்கு வடிவம் தருகிற மாதிரி, முழுசாக இருக்கும், உடனே அடுத்த அச்சைப் போடலாம். டார்பியின் இரும்பாலை இருந்த கோல்புரூக்டேலில் பானை மலிவானதற்கு இது பெரிய காரணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. நன்றாக உலர்ந்த மரத்தில் பேட்டர்ன் செய்யுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அதற்கேற்ப அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுங்கள். வயிறு பெருத்த பானை என்றால் ஒரே துண்டாக மணலிலிருந்து வெளியே வராது, பிரித்தெடுக்கிற மாதிரி துண்டுகளாகத்தான் செய்ய வேண்டும்.

2. மணலில் கொஞ்சம் களிமண்ணும் ஈரமும் இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிரக் கூடாது, உள்ளங்கையிலும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம், அது ஆவியாகி வார்ப்புக்குள் ஓட்டை விழும். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றைக் கை பழகும் வரை செய்து பாருங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

3. பேட்டர்னை அச்சுப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் சலித்த மணலைப் போட்டு, அப்புறம் பெட்டி நிறைய மணல் இட்டு இடியுங்கள். கம்பியால் காற்றுத்துளை குத்துங்கள். பேட்டர்னை லேசாகத் தட்டி அசைத்து, நேராக மேலே தூக்குங்கள். வார்ப்புக்கு உள்ளே குழி வேண்டுமென்றால், அந்த இடத்தை இரும்பு நிரப்பாமல் அடைத்துக்கொள்கிற மணல் துண்டான கோரை வையுங்கள்.

4. உருகிய இரும்பை நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். கரண்டி ஈரமாக இருந்தால் இரும்பு வெடித்துத் தெறிக்கும், அதனால் முன்பே சூடாக்கிவிடுங்கள்.

5. பேட்டர்னை எடுத்து வைப்பது. இதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் 1796-இல் ஸ்மெத்விக்கில் சோஹோ வார்ப்பாலையைத் திறந்தார்கள். நீராவி இயந்திரம் செய்கிற இடத்தில் வால்வு உறை, தாங்கி, பல்சக்கரம் என்று மர பேட்டர்ன் குவிந்துகொண்டே போகும், தேவைப்படும்போது கைக்குக் கிடைக்காவிட்டால் இன்னொன்று செய்ய ஒரு தச்சரின் நாள் கணக்கான உழைப்பு வீணாகும். ஆகவே மணலைத் துடைத்து, பெயர்ந்த துண்டை ஒட்டி, வார்னிஷ் அடித்த பிறகே அலமாரிக்கு அனுப்புங்கள். சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும், தட்டையாகப் படுக்க வையுங்கள். கனமானவை கீழ்த்தட்டில். உலைக்குப் பக்கத்தில் வைத்தால் மரம் வெடிக்கும், தீப்பிடித்தால் எல்லாமே போய்விடும், எனவே தனிக் கட்டடம் நல்லது. பேட்டர்ன், கோர் செய்கிற பெட்டி, கழற்றுகிற துண்டு எல்லாவற்றிலும் ஒரே எண்ணை அடித்து, எந்தத் தட்டில் இருக்கிறது, எத்தனை துண்டு என்று பேரேட்டில் எழுதுங்கள். அச்சுப் போட எடுத்துப் போகிறவர் கையெழுத்துப் போடட்டும், திரும்பி வரும்போது துண்டுகளை எண்ணி வாங்குங்கள்.