கறுப்பு மூன்றை அவசரப்பட்டுப் போடாதீர்கள்

நாலு பேர் ஜோடி சேர்ந்து ஆடும் கனாஸ்டா சீட்டாட்டத்தில், கையில் வந்த கறுப்பு மூன்றை (ஸ்பேட், கிளாவர்) உடனே கீழே போட்டுவிடாதீர்கள். போட்ட சீட்டுக் குவியல் 12, 15 என்று உயரும்வரை வைத்திருங்கள். 108 சீட்டில் இது நான்குதான். மேலே கறுப்பு மூன்று கிடந்தால் அடுத்தவர் குவியலைத் தொடவே முடியாது. கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, ஒன்றைக் கீழே போட்டாக வேண்டும். அப்புறம் ஆடுவது உங்கள் பார்ட்னர். அந்தச் சீட்டு அவருக்கு ஒத்துவந்தால் குவியல் மொத்தமும் உங்கள் பக்கம்! தடை அந்த ஒரு முறைக்கு மட்டும்தான்.

எதிரணி ஒரு கனாஸ்டா (ஏழு சீட்டு கொண்ட ஒரே மதிப்புச் சேர்க்கை) முடித்து, கையில் இரண்டொரு சீட்டோடு இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய ஒவ்வொரு கறுப்பு மூன்றுக்கும் 5 புள்ளி போய்விடும்.