நொதியைப் போல நடிக்கும் தூளைச் சோதிப்பது எப்படி

இரும்பு பொதிந்த போர்பிரின் என்ற நைட்ரஜன் கொண்ட பெரிய கரிம வளையங்களால் ஒரு நுண்துளைக் கரிமச் சட்டகம் தயாரித்து, அதில் டிஎம்பி என்ற நிறங்காட்டியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விட்டேன். கண்ணெதிரே நீலம் ஏறியது. பெராக்சைடைக் கொண்டு பிற பொருள்களை ஆக்சிஜனேற்றும் பெராக்சிடேஸ் நொதியின் வேலையை என் தூள் செய்துவிட்டது என்று குதிக்காத குறைதான். மறுநாள் தூளைக் கழுவிய நீரைக் கொட்டப் போனவன், விளையாட்டாக அதிலும் அதே இரண்டையும் சொட்டு விட்டேன். அதுவும் நீலமானது. முதல் நாள் நீலம் சட்டகத்தால் வந்ததா, அதிலிருந்து கசிந்த இரும்பால் வந்ததா என்று இனிச் சொல்ல முடியாது.

அந்த இரண்டாவது குழாயை நீங்கள் முதல் நாளே வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குதிரைமுள்ளங்கியில் கிடைக்கும் பெராக்சிடேஸின் மையத்தில் இருப்பது ஹீம், அதாவது இரும்பைப் பிடித்திருக்கும் போர்பிரின். 2005-இல் வேதியியலாளர் ஒமர் யாகியின் குழு, கரிம மூலக்கூறுகளைச் செங்கல் போல அடுக்கிப் படிகச் சட்டகம் கட்ட முடியும் என்று காட்டியது. 2007-இல் வெறும் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களே பெராக்சிடேஸ் போல நடப்பது தெரியவந்தது. ஹீமையே செங்கலாக வைத்துக் கட்டினால் என்ன என்ற கேள்வி பிறகு தானாக எழுந்தது. ஆனால் அந்த 2007 செய்தியில் நமக்கொரு எச்சரிக்கையும் இருக்கிறது: துளைக்குள் மாட்டிக்கொண்ட இரும்புத் துருகூட நீலம் காட்டும்.

கட்டும்போதே செங்கற்களை ஒட்டும் வேதி இணைப்பைக் கவனியுங்கள். சோதனை நடப்பது பிஎச் 4 அளவிலான அமிலத்தில். சாதாரண இமின் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) இணைப்புகள் அமிலத்தில் மெல்ல மெல்லச் சிதையக்கூடும். ட்ரைஃபார்மைல்ஃப்ளோரோகுளூசினாலிலிருந்து வரும் கீட்டோ-ஈனமின் இணைப்பு அமிலத்தைத் தாங்கும். முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. இரும்பேற்றிய தூளை, கரைப்பானைக் காய்ச்சித் திரும்பத் திரும்ப ஊற்றும் சோக்ஸ்லெட் கருவியில் மெத்தனாலால் ஒரு நாள் முழுக்கக் கழுவுகிறேன். பிறகு நீர்த்த அமிலத்தால் கழுவி, கழுவிய நீரில் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டு. இரத்தச் சிவப்பு தெரிந்தால் இரும்பு இன்னும் கசிகிறது என்று பொருள். மறுபடியும் கழுவ வேண்டும். என் முதல் தூள் ஆறாவது கழுவலிலும் சிவந்தது. ஆனால் தயோசயனேட் நிறமற்று நின்றாலும் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மிகக் குறைந்த இரும்பு அதன் கண்ணுக்குத் தப்பும், டிஎம்பிக்குத் தப்பாது.

இனி அளவீடு. மொத்தம் 1 மில்லிலிட்டர்: பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் பிஎச் 4 அசிடேட் தாங்கல் கரைசல், 20 மைக்ரோகிராம் தூள், டிஎம்பி 0.5 மில்லிமோலார், கடைசியாகப் பெராக்சைடு. டிஎம்பியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அன்றன்றைக்குக் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். கையுறை கட்டாயம், 30 சதவீதப் பெராக்சைடு தோலை வெளுத்து எரிக்கும். அந்தப் பாட்டில் நாள்பட வலுவிழக்கும் என்பதால் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை. ஆயிரம் மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் படிக்கிறேன். புதிய பாட்டிலானால் உட்கவர்ச்சி (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) 1 செமீ குழாயில் ஏறத்தாழ 0.43 வரும்.

நீலத்தை 652 நானோமீட்டரில் படியுங்கள். அங்கே மோலார் உட்கவர்ச்சிக் குணகம், அதாவது 1 மோலார் கரைசல் 1 செமீ குழாயில் காட்டக்கூடிய உட்கவர்ச்சி, 39,000. அதன்படி 0.39 என்று காட்டினால் 10 மைக்ரோமோலார் நீலம் உருவாகியிருக்கிறது. முதல் ஓரிரு நிமிடத்துச் சாய்விலிருந்து வேகத்தை எடுங்கள். பத்து நிமிடம் கழித்து வரும் ஒற்றை எண்ணிலிருந்து வேண்டாம்.

இப்போது அந்த இரண்டாவது குழாயும் அதன் உறவினர்களும். தூள் இல்லாத குழாய் ஒன்று. பெராக்சைடு இல்லாத குழாய் ஒன்று. இது நீலமானால் உங்கள் தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனையே பிடித்து வேலை செய்கிறது, அது ஆக்சிடேஸ் குணம். இரும்பேற்றாத சட்டகம் மட்டும் உள்ள குழாய் ஒன்று. நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது: தூளைத் தாங்கல் கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, வடிநீரில் மட்டும் டிஎம்பியும் பெராக்சைடும் விடுங்கள். அது தூளே இல்லாத முதல் குழாயைப் போல வெளுத்தே நிற்க வேண்டும்.

துளைகள் செய்யும் இன்னொரு குறும்பு உண்டு. தூள் ஒளியைச் சிதறடிக்கிறதே என்று மையவிலக்கியில் சுழற்றினேன். மேலே தெளிந்த நீர் வெளிறிக் கிடந்தது. அடியில் கடுகளவு படிவு மட்டும் மை ஊறியதுபோல் கருநீலம். விளைந்த நிறத்தைத் தூளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சுழற்றுவதில்லை. தூள் கலங்கலாகவே இருக்கட்டும், அதே அளவு தூள் மட்டும் உள்ள குழாயின் அளவீட்டைக் கழித்துக்கொள்கிறேன்.

குளுக்கோஸை அளக்க இரண்டு படி தேவை. குளுக்கோஸிலிருந்து பெராக்சைடை உண்டாக்கும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பிஎச் 5.5 முதல் 7 வரையில்தான் நன்றாக உழைக்கும். முதலில் அங்கே 37 டிகிரியில் அரை மணி விட்டு, உருவான பெராக்சைடை பிஎச் 4 குழாய்க்கு மாற்றுங்கள். ஒரே குழாயில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும். இங்கே உண்மையான நொதி ஒன்றும் வேலை செய்கிறது. ஆகவே தேர்ந்தறியும் திறன் முழுவதும் என் தூளுடையது என்று எழுதிவிடாதீர்கள்.

பழச்சாறு போன்ற மாதிரிகளில் சில நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று நீலம் ஏறும். அதுவரை உருவான நிறத்தையெல்லாம் வைட்டமின் சி உடனுக்குடன் வெளுத்துக்கொண்டிருந்தது. அது தீர்ந்த பிறகுதான் நீலம் நிற்கிறது. இதையே தலைகீழாகத் திருப்பி வைட்டமின் சியை அளக்கலாம்: நீலத்தை முதலில் உருவாக்கி, மாதிரியைச் சேர்த்து, எவ்வளவு வெளுக்கிறது என்று பாருங்கள். குளூட்டாதயோனும் சிஸ்டீனும் அதே வேலையைச் செய்யும் என்பதால், அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் இட்டு வைட்டமின் சியை அழித்த மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் விடை.